சோற்றடுப்பும் மேசையடுப்பும்

சமையல் படிக்க இலங்கைக்குப் போகிறேன் என்றபோது எங்கள் தெருவில் சிரித்தார்கள். அடுப்பு ஊதுவதற்குக் கடல் தாண்ட வேண்டுமா என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. எங்கள் தெருவிலிருந்து இலங்கைக்குப் போனவர்கள் எல்லோரும் கூலி வேலைக்குப் போனவர்கள். படிக்கப் போனவள் நான் ஒருத்திதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பதினேழு வயது.

நான் போக நேர்ந்த காரணத்தைச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்தில் மிஷன் நடத்திய பெண்கள் விடுதி ஒன்றில் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தங்கிப் படித்தோம். அங்கே சாப்பாடு மோசம். புழுத்த அரிசி, வேகாத பருப்பு, வடிகட்டாத கிணற்றுத் தண்ணீர். ஒரு மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு பரவி இரண்டு பிள்ளைகள் செத்துப்போனார்கள். ஒருத்தி என் பக்கத்துப் பாயில் படுப்பவள். அதற்குப் பிறகு விடுதியை நடத்திய துரைசானி, சுத்தமாகவும் முறையாகவும் சமைக்கக் கற்ற பெண் ஒருத்தி வேண்டும் என்று முடிவெடுத்தார். அவருடைய தோழி ஒருவர் கண்டியில் பெண்களுக்குச் சமையலும் வீட்டு நிர்வாகமும் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருந்தார். நான் இரண்டு வருஷம் அங்கே படித்துவிட்டுத் திரும்பி வந்து விடுதிச் சமையலை ஏற்க வேண்டும் என்பது ஏற்பாடு.

எனக்கு அம்மா இல்லை. ஐயா பக்கத்துக் கிராமத்தில் உபதேசியார். ஓலைக் கூரை போட்ட சிறு கோயிலைப் பார்த்துக்கொண்டு ஜெபம் நடத்துகிற வேலை. ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, "பிள்ளைகளுக்குச் சோறு போடுத வேலை. போயிட்டு வா," என்றார்.

தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கி, ரயிலில் கண்டி வந்து சேர்ந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது. அப்புறம் அது நிற்கவே இல்லை என்றுதான் எனக்கு ஞாபகம். செம்மணல் தேரிக் காட்டின் வெயிலில் வளர்ந்தவளுக்கு அந்த ஈரம் பிடிக்கவில்லை. துவைத்த துணி காயாது. கொடியில் கிடந்த பாவாடையை எடுத்தால் பூஞ்சை வாடை அடிக்கும். புல்லில் நடந்து வந்தால் கணுக்காலில் அட்டை தொங்கும்.

பள்ளி ஏரிக்கு மேலே ஒரு சரிவில் இருந்தது. எட்டுப் பெண்கள் படித்தோம். பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்காரிகள். நடத்தியவரை நாங்கள் மிஸ்ஸியம்மா என்று கூப்பிட்டோம். உயரமான, எலும்பான வெள்ளைக்கார மனுஷி. வேதாகமத்திலிருந்து தமிழ் கற்றவர். "நீ உன் கைகளைக் கழுவினாயோ?" என்று கேட்பார். கழுவவில்லை என்றால், "அப்படியானால் எழுந்து போய்க் கழுவுவாயாக," என்பார். முதல் வாரம் முழுக்க நாங்கள் கற்றது கை கழுவுவதும், தண்ணீர் காய்ச்சுவதும், அரிசி பொறுக்குவதும்தான். எனக்கு அது சலிக்கவில்லை. தண்ணீர் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதெல்லாம் பக்கத்துப் பாய்க்காரியைத்தான் நினைத்தேன்.

அந்த வீட்டில் சமையல் இரண்டு இடத்தில் நடந்தது. பின்னால் தகரக் கொட்டகையில் செங்கல் அடுப்புகள். எங்களுக்கும் வேலைக்காரர்களுக்கும் சோறும் கறியும் அங்கே ஆகும். அதைச் சோற்றடுப்பு என்போம். வீட்டோடு ஒட்டிய அறையில் சீமையிலிருந்து வந்த பெரிய இரும்பு அடுப்பு. அதிலேயே ரொட்டி சுடுவதற்குப் போறணை என்கிற சூட்டறையும் இருந்தது. மிஸ்ஸியம்மாவின் மேசைக்கும் அவருடைய விருந்தாளிகளுக்கும் வேண்டிய சூப்பு, ரோஸ்ட், புடிங் எல்லாம் அங்கே. அது மேசையடுப்பு. வாரத்துக்கு இரண்டு பேர் வீதம் முறை போட்டு இரண்டிலும் வேலை செய்ய வேண்டும்.

என்னோடு முறையில் சேர்ந்தவள் பருத்தித்துறைப் பெண். என் வயதுதான். முதல் நாள் காலையில், "குசினிக்கு வாரும்," என்று கூப்பிட்டாள்.

"குசினியா? அது யாரு?" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த விளக்குமாறு விழுந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்குச் சொல் கற்றுக்கொடுப்பது அவள் வேலையாயிற்று. நாற்காலி கதிரை, அடுப்பங்கரை குசினி, ரொட்டி பாண். நான் "சரி" என்றால், "ஓம் எண்டு சொல்லும்," என்பாள். தேங்காய்ப்பாலைத் திரியவிடாமல் சொதி வைப்பது எப்படி என்று காட்டினாள். நான் எங்கள் ஊர் முறையில் மல்லி வறுத்து அரைத்து மீன்குழம்பு வைத்தேன். முதல் தடவையே சட்டியில் மிச்சமில்லை.

"எங்கட வீட்டிலையும் இப்பிடி ஒரு குழம்பு நான் தின்னேல்லை," என்றாள். மழை நாட்களில் கொட்டகையிலேயே உட்கார்ந்து இரண்டு பேரும் ஒரே பீங்கான் தட்டில் சாப்பிடுவோம். சில மாதங்களில் "நீர்" போய் "நீ" வந்தது. வேறொரு ஊரில் எனக்குக் கிடைத்த முதல் சொந்தம் அவள்தான்.

ஈஸ்டர் ஞாயிறன்று தமிழ்க் கோயிலில் ஆராதனை முடிந்து வெளியே வந்தோம். பருத்தித்துறைக்காரியின் தகப்பனார் மகளைப் பார்க்க வந்திருந்தார். குருநாகலில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் உத்தியோகம். வெள்ளை வேட்டி, கோட்டு, குடை. என்னிடமும் அன்பாகத்தான் பேசினார். "பிள்ளை, உம்மைப் பற்றி இவ எப்பவும் சொல்லுவா. நல்லாச் சமைப்பீராம்," என்றார்.

அப்போது பின்னாலிருந்து யாரோ என் தோளைப் பிடித்துத் திருப்பினார்கள். நாற்பது வயதிருக்கும் ஒரு பெண், இடுப்பில் குழந்தை.

"ஏ புள்ள, நீ உபதேசியார் மவதான? மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே! ஒங்கய்யாதான எனக்குக் கலியாணம் பண்ணி வச்சாவ!"

எங்கள் ஊர்ப் பேச்சு. காதில் விழுந்து மாதக்கணக்காகியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க எங்க இருக்கீய அக்கா?"

"இங்கன மஹய்யாவங்குத எடத்துலதான். எங்க வீட்டுக்காரர் முனிசிபல்ல தெருக் கூட்டுதாவ. நம்ம தெருவாளுவ அங்க நெறைய இருக்கோம். நம்ம தெருல ஒங்க வீட்டுக்கு நேர் பின்னாலதான் எங்க வீடு. ஒரு நாளைக்கு வா தாயி, சோறு திங்கலாம்."

வருகிறேன் என்றேன். சந்தோஷத்தில் அவளைப் பருத்தித்துறைக்காரிக்கு அறிமுகம் செய்யத் திரும்பினேன். அவளும் தகப்பனாரும் அங்கே இல்லை. கோயில் மதிலோரம் அவர் குனிந்து மகளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

அந்த வாரம் எங்கள் இருவருக்கும் சோற்றடுப்பு முறை. திங்கட்கிழமை அவள் என்னோடு சேர்ந்து சமைத்தாள், சாப்பிடவில்லை. வயிற்றுவலி என்றாள். மறுநாளும் அப்படியே. பாணும் வாழைப்பழமும் தின்றாள். மூன்றாம் நாள் இன்னும் மூன்று பெண்களுக்கு வயிற்றுவலி வந்தது.

நான் சமையலில்தான் குறை என்று நினைத்தேன். நான் படிக்க வந்தது அதுதானே. உறைப்பு கூடிவிட்டதோ என்று மிளகாயைக் குறைத்தேன். மல்லியை விட்டுவிட்டு அவர்கள் வீட்டுத் தூளைப் போட்டேன். நல்லெண்ணெய் வாடை பிடிக்கவில்லையோ என்று தேங்காயெண்ணெயில் தாளித்தேன். மீனை நாலு தண்ணீரில் கழுவினேன். ஒவ்வொரு நாளும் சட்டியில் பாதிக்கு மேல் மிஞ்சியது. அதை நாய்க்குக் கொட்டும்போது, விடுதிப் பிள்ளைகள் முன்னால் போய் நான் எப்படி நிற்பேன் என்று பயந்தேன்.

சனிக்கிழமை பாத்திரம் கழுவும் தொட்டியருகே அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"என் சமையல்ல என்ன கொறைன்னு சொல்லு. உப்பா? புளியா? சொன்னாத்தான திருத்துவேன்."

அவள் சாம்பலைத் தொட்டுப் பானையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "சமையலிலை ஒரு குறையும் இல்லை."

"பின்ன?"

"ஐயா என்னட்டைச் சத்தியம் வாங்கிப்போட்டார். நீர் சமைச்ச சோத்தைத் தின்னக்கூடாதாம். மற்றவையின்ரை வீட்டுக்கும் அறிவிச்சுப்போட்டார்."

"நீர்" திரும்பி வந்துவிட்டதை நான் கவனித்தேன். கோயில் வாசலில் அந்த அக்கா நம்ம தெரு என்று சொன்னதை அவர் கேட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் தெரு ஊருக்கு வெளியே இருந்தது. ஊர்க்கிணற்றில் நாங்கள் தண்ணீர் எடுத்ததில்லை. அதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் கடல் தாண்டி, மலை ஏறி, ஒரே பீங்கானில் சாப்பிட்ட பிறகும் அது பின்னாலேயே வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"கோயில்ல ஒரே கிண்ணத்துல ராப்போசனத் திராட்சரசம் குடிக்கோமே," என்றேன்.

"அது கோயில்." அவள் நிமிரவில்லை. "என்னைக் கோவியாதையும். நான் என்ன செய்ய?"

விஷயம் மிஸ்ஸியம்மாவுக்கு எட்டியது. எட்டுப் பேரையும் வரிசையாக நிறுத்தினார். அவர் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "இது மெய்யாகவே பாவம். இந்த வீட்டில் ஒரே பானை. அதிலிருந்து புசிக்க மனதில்லாதவள் தன் பெட்டியைக் கட்டிக்கொண்டு போவாளாக," என்றார். நான் தலை குனிந்து நின்றேன். எனக்காக ஒருவர் அவ்வளவு கோபப்பட்டதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அன்று மத்தியானம் எல்லோரும் என் சோற்றை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒருவர் கையும் வாய்க்குப் போகவில்லை. பருத்தித்துறைக்காரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கண்ணீர் சோற்றில் விழுந்தது.

அடுத்த வாரம் தகப்பன்மார் நாலு பேர் வந்தார்கள். மிஸ்ஸியம்மாவின் அறையில் வெகுநேரம் பேச்சு. பிள்ளைகளை அழைத்துப் போய்விடுவோம் என்றார்களாம். நாலு பேர் போனால் பள்ளியை மூட வேண்டியதுதான். நான் தேநீர் கொண்டுபோய் வைத்தேன். ஒருவரும் கோப்பையைத் தொடவில்லை. பருத்தித்துறைக்காரியின் தகப்பனார் என்னைப் பார்த்து, "நீ அதை அங்காலை வைச்சிட்டுப் போ," என்றார். கோயில் வாசலில் என்னை "நீர்" என்று பேசிய அதே மனுஷர்.

அவர்கள் போன பிறகு மிஸ்ஸியம்மா என்னை அழைத்தார். கோபம் இறங்கிவிட்டிருந்தது. என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

"நீ இனிமேல் மேசையடுப்பில் மாத்திரம் வேலை செய்வாயாக. அது உனக்கு உயர்வு அல்லவா? மற்றவர்கள் கற்பதைப் பார்க்கிலும் அதிகமாய் நீ கற்றுக்கொள்வாய்."

"மிஸ்ஸியம்மா, பிள்ளைகளுக்குச் சோறு பொங்கத்தான் என்னை அனுப்பியிருக்காவ."

"சோறு எல்லோரும் அறிந்த காரியம். அதற்காக நீ கலங்காதே."

அவருக்கும் வேறு வழி தெரியவில்லை என்று அப்போதே புரிந்தது. புரிந்ததால் வருத்தம் குறையவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் நான் மேசையடுப்பைவிட்டு நகரவில்லை. போறணையின் சூட்டைக் கை நீட்டிப் பார்த்தே சொல்லப் பழகினேன். பாண் சுட்டேன். வெங்காயத்தாள் மாதிரி இருக்கும் லீக்ஸ் போட்டு சூப்பு வைத்தேன். சர்க்கரையைக் கருகவிடாமல் காய்ச்சி முட்டைப் புடிங் செய்தேன். தோட்டத் துரைமார் குடும்பத்தோடு விருந்துக்கு வருவார்கள். யார் செய்தது என்று கேட்பார்கள். மிஸ்ஸியம்மா என்னைக் கூப்பிட்டு நிறுத்துவார். முன்னறையில் பாராட்டு. பின்னறையில் ஏழு பெண்கள் நான் தொடாத சோற்றை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எனக்கும் அதிலிருந்து ஒரு பீங்கான் வரும். மேசையடுப்போரம் நின்றபடி தின்பேன்.

கிறிஸ்துமஸுக்கு நான்தான் கேக் செய்தேன். அதை எல்லோரும் தின்றார்கள்.

"இது மட்டும் ஆகுமா?" என்று பருத்தித்துறைக்காரியிடம் கேட்டேன்.

"போறணையிலை வெந்தது காரியமில்லையாம். சோறுதான் கூடாதாம்," என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்கே வெட்கமாக இருந்தது. உதட்டோரத்தில் ஒட்டியிருந்த கேக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மஹய்யாவ அக்கா வீட்டுக்குப் போவேன். வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகள், நடுவில் சாக்கடை, வாசலில் கோழிகள். அங்கே பாயில் உட்கார்ந்து கை நிறையச் சோறு பிசைந்து தின்பேன். மீன்குழம்பை நான் வைக்கவா என்று கேட்டால், "படிக்க வந்த புள்ள, நீ சும்மா இரி," என்பாள். அவள் வீட்டுக்காரர் கூச்சப்பட்டு வெளியே போய் உட்கார்ந்துகொள்வார். "அங்க ஒனக்கு நல்ல சாப்பாடு போடுதாவளா? மெலிஞ்சு போனியே," என்று அவள் ஒவ்வொரு தடவையும் கேட்பாள். நல்லாப் போடுதாவ என்பேன். கோயில் வாசலில் அவள் என்னை அடையாளம் கண்டு பேசியதால் என்ன நடந்தது என்று நான் கடைசிவரை சொல்லவில்லை. சொன்னால் அந்த அக்கா உடைந்துபோயிருப்பாள். அதோடு, அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தையும் நான் விட்டுக்கொடுக்க விரும்பவில்லை.

சோறு பொங்குவது மறந்துபோய்விடுமோ என்று பயந்து, மேசையடுப்பின் ஓரத்தில் சின்னப் பாத்திரத்தில் ஒரு பிடி அரிசி போட்டு அவ்வப்போது வடித்துக்கொள்வேன். எனக்கு மட்டும். ஒரு காலையில் அப்படி வடித்த சோற்றில் மிஞ்சிய குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தபோது பருத்தித்துறைக்காரி உள்ளே வந்தாள். அவளுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. படிப்பை முடிக்காமல் புறப்படுகிறாள். வாசலில் தகப்பனார் வண்டியோடு நின்றார்.

நேரே வந்து என் பீங்கானில் கை வைத்தாள். ஒரு வாய், இன்னொரு வாய், அவசர அவசரமாக விழுங்கினாள். புரையேறி இருமினாள். தண்ணீர் கொடுத்தேன்.

"என்னை மறந்துபோடாதை," என்றாள். கையை என் முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

அவள் போன பிறகுதான் பார்த்தேன். எப்போதும் திறந்தே கிடக்கும் கதவை உள்ளே வரும்போது அவள் சாத்திவிட்டு வந்திருக்கிறாள். பாசத்தில்தான் வந்தாள், எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் எனக்கு ஆறுதல் வரவில்லை. எல்லோர் முன்னாலும் ஒரு வாய் தின்றிருந்தால் போதும் என்று நினைத்தேன். அவளால் அது முடியாது என்பதும் தெரிந்தது. மீதிச் சோற்றைத் தின்ன மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அவளை நான் பிறகு பார்க்கவில்லை. மலாயாவுக்குப் போய்விட்டதாகப் பின்னால் யாரோ சொன்னார்கள்.

இரண்டு வருஷம் முடிந்து ஊர் திரும்பினேன். விடுதியில் எனக்காகப் புது அண்டா வாங்கி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அண்டாவுக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு தீ என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பிடி அரிசி வடித்துப் பழகிய கை. அடியில் தீய்ந்து, நடுவில் கூழாகி, மேலே அரிசியாகவே நின்றது. பிள்ளைகள் முகம் சுளித்துக்கொண்டு தின்றார்கள். சின்னவள் ஒருத்தி அழுதாள்.

"கொஞ்ச நாள் பொறுங்க, பழகிக்கிடுதேன்," என்று துரைசானியிடம் கெஞ்சினேன். அவர் பொறுத்தார்தான். ஆனால் அதற்குள் என் புடிங்கை ருசி பார்த்துவிட்டார். நாலு வாரத்தில் என்னைத் தன் பங்களாச் சமையலுக்கு மாற்றினார். அடுத்த கிராமத்து விதவை ஒருத்தி விடுதிச் சோற்றுக்கு வந்தாள். நான் அவளிடம் தினமும் போய் நின்று தண்ணீரைக் காய்ச்ச வைத்தேன், அரிசியைப் பொறுக்க வைத்தேன். அது மட்டும் நிலைத்தது. நான் இருந்த வருஷங்களில் வயிற்றுப்போக்கால் அங்கே எந்தப் பிள்ளையும் சாகவில்லை.

ஐயா ஒரு நாள் என்னைப் பார்க்கப் பங்களாவின் பின்வாசலுக்கு வந்தார். ஒரு துண்டு புடிங் வைத்துக் கொடுத்தேன். கரண்டியைப் பிடிக்கத் தெரியாமல் விரலால் வழித்து வாயில் வைத்தார்.

"மெத்துன்னு இருக்கு. பிள்ளைகளுக்கும் இதையா போடுதே?"

"இல்லய்யா. இது துரைசானி மேசைக்கு."

"அப்ப பிள்ளைகளுக்கு?"

"வேற ஒரு அக்கா பொங்குதாவ."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். ஏன் என்று கேட்கப் போகிறார் என்று பயந்தேன். அவர் கேட்கவில்லை. மிச்சத்தையும் தின்று முடித்துவிட்டு, கோயிலுக்குக் கூரை மாற்ற வேண்டியதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நானும் அதையே பேசினேன்.